காட்டுப்பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமம் வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலமென்றால் நிலத்துக்காரரின் சம்மதம் ஒன்றே போதும். பகலா இரவா என்று யாரும் கேட்பதில்லை; இத்தனைதான் சுடலாம் என்ற கணக்கும் கிடையாது. 2011இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, பணம் கட்டி ஹெலிகாப்டரில் ஏறி வானத்திலிருந்துகூடச் சுடலாம். இன்ன தோட்டாவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் இல்லை. சட்டம் இப்படி ஒதுங்கிக்கொண்டதால், எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்கிற முடிவு முழுக்க வேட்டைக்காரர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் யோசனைகளோ ஒன்றையொன்று அடித்துக்கொள்பவை. ஒருவர் மெல்லிய .223 போதும் என்பார். அடுத்தவர், அந்தக் காலத்தில் காட்டெருமையைச் சாய்த்த .45-70க்குக் குறைந்த எதையும் கையில் எடுக்கமாட்டார். இருவருமே பன்றி சுட்டவர்கள்தான், இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் முதலில் குண்டின் விட்டத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகே பன்றியைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப்போட்டால் இந்தச் சண்டையில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

இந்தப் பன்றிகள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ 1539இல் ஃப்ளோரிடாவில் இறங்கியபோது, படைக்கு உணவாகப் பன்றிகளையும் ஓட்டிவந்தார். அவற்றிலும், பின்னால் வந்த குடியேறிகளின் பன்றிகளிலும் தப்பியவை காடேறின. வேட்டை விளையாட்டுக்கென்று ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து விட்டது பிற்காலக் கதை. டெக்சஸில் அது 1930களில் நடந்தது. இரண்டும் கலந்து பிறந்த சந்ததிதான் இன்று சோளக் கொல்லையையும் நிலக்கடலைக் காட்டையும் உழுதுபோடுகிறது. நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேல், குறைந்தது 35 மாநிலங்களில் இருக்கின்றன என்பது அந்நாட்டு வேளாண் துறையின் மதிப்பீடு. டெக்சஸில் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும்.

இனி உடம்பைப் பார்ப்போம். மான் சுட்டுப் பழகியவர் பன்றியில் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கி அல்ல, பன்றியின் உடலமைப்புதான். மானுக்கு முன்னங்காலை ஒட்டிப் பின்னால், நெஞ்சின் நடு உயரத்தில் குறிவைப்பது வழக்கம். குண்டு நுரையீரலைத் துளைத்துவிடும். பன்றிக்கு நுரையீரல் அவ்வளவு பின்னால் வருவதில்லை. இதயம் தாழ்ந்து, முன்னங்கால் முழங்கைகளுக்கு நடுவே கிடக்கிறது. மானுக்குக் குறிவைக்கும் இடத்தில் பன்றிக்கு ஈரலும் இரைப்பையும் தொடங்கிவிடுகின்றன. அங்கே அடிபட்ட பன்றி அரை மைல் ஓடிப் புதருக்குள் போய், இரவெல்லாம் கிடந்து சாகும். பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு முன்னங்காலின் மேலேயே, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்க வேண்டும்.

உயரத்திலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. தோளுக்கு மேலே பன்றியின் முதுகு திமில்போல எழும்பி நிற்கும். அதன்மேல் சிலிர்த்த மயிர் வேறு. அதைப் பார்த்து நடுவைக் கணக்கிட்டால் குறி மேலே போய்விடும். முதுகுத்தண்டு நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடுகிறது. அதன்மேல் இருப்பவை நீண்ட எலும்பு முட்களும் தசையும் மட்டுமே. அந்த முட்களில் குண்டு பட்டால் பன்றி சுருண்டு விழும். சுட்டவர் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கைபேசியை எடுப்பதற்குள், அதிர்ச்சி தெளிந்து எழுந்து ஓடிவிடும். ‘செத்த பன்றி எழுந்து ஓடியது’ என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றுக்கு மூலம் இதுதான்.

அடுத்தது கேடயம். முதிர்ந்த ஆண் பன்றியின் இரு தோள்களிலும், தோலுக்கு அடியில், குருத்தெலும்பு போன்ற கெட்டியான நார்த்திசுத் தகடு ஒன்று வளர்கிறது. ஆண்கள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் கிழித்துக்கொள்ளும் சண்டைக்கு இயற்கை தந்த கவசம் அது. வயது ஏற ஏறத் தடிக்கும். கிழட்டுப் பன்றியில் ஓர் அங்குலத்தையும் தாண்டும். தோலுரிப்பவரின் கத்தி அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். கை மாற்றிப் பிடித்து அறுக்க வேண்டியிருக்கும். இதில் பட்டுக் குண்டு தெறித்துவிடும் என்பது கட்டுக்கதை. பன்றிக்கென்று செய்த எந்த ரைஃபிள் குண்டும் அதைத் துளைத்துவிடும். ஆனால் நரி, அணில் வகைகளுக்காகச் செய்யப்பட்ட, பட்டவுடன் சிதறும் மெல்லிய குண்டு மேலாகவே உடைந்து பெரிய புண்ணை மட்டும் உண்டாக்கும், உள்ளே போகாது. கேடயத்துக்குச் சொன்னது கொழுப்புக்கும் பொருந்தும். தடித்த கொழுப்பும் தோலும் சேறு படிந்த மயிரும் துளையை அடைத்துக்கொள்வதால் தரையில் ரத்தம் சொட்டுவது குறைவு. அடிபட்டதைத் தடம் பிடித்துப் போக வேண்டுமென்றால் மறுபக்கமும் துளை வேண்டும். பெரிய விட்டத்துக்காக வாதாடுகிறவர்களின் பேச்சில் எனக்கு ஏற்புடையது இந்த ஒன்றுதான்.

விட்டம் என்பது குண்டின் அகலத்தைத்தான் சொல்கிறது, வேகத்தையோ வலிமையையோ அல்ல. .300 பிளாக்அவுட், .30-30, .308 மூன்றும் எறிவது ஒரே அகலக் குண்டை, ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர். ஆனால் குழல் முனையில் முதலாவது சுமார் 1,800 ஜூல், இரண்டாவது 2,500, மூன்றாவது 3,600. ‘முப்பது காலிபர் இருந்தால் போதும்’ என்று கடையில் சொல்லி அனுப்புகிறவர், ஒன்றுக்கு இரண்டு மடங்கு வேறுபாட்டை ஒரே பெயரில் விற்றுவிடுகிறார். பிளாக்அவுட்டிலேயே ஒலியைவிட மெதுவாகப் போகும் கனத்த குண்டும் உண்டு. சத்தம் அடக்கியோடு சேர்த்தால் இரவில் கிட்டத்தட்ட ஓசையே இல்லை. அதனால் இளைஞர்களிடம் அதற்குப் பெரிய மவுசு. அதன் சக்தி கைத்துப்பாக்கியின் அளவுக்குத்தான் வருகிறது. பன்றிக்கு அது பரிதாபத்துக்குரிய தேர்வு.

லேசான வேகக் குண்டா, கனத்த மெதுக் குண்டா என்ற வழக்கு பழையது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகளில் ஜாக் ஓகானர் .270 வின்செஸ்டரைத் தூக்கிப் பிடித்தார். எல்மர் கீத் பெரிய விட்டம், கனத்த ஈயம் என்ற கட்சி. பல்லாண்டுகள் இருவர் பெயராலும் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்பே ஆப்பிரிக்காவில், ‘கரமோஜோ’ பெல் என்று அறியப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர், 7 மில்லிமீட்டர் மவுசர் போன்ற சின்னத் துப்பாக்கிகளால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டிருந்தார். யானையின் மண்டையோட்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டவர் அவர். சின்ன விட்டக் கட்சிக்காரர்கள் பெல்லின் பெயரை இன்றும் துணைக்கு அழைக்கிறார்கள். மண்டையோட்டை அறுத்ததை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

.223 பற்றி நேராகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அதிகம் பேரிடம் இருக்கும் ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளுக்கு அதுவே இயல்பான தோட்டா. 3.6 கிராம் குண்டு, குழல் முனையில் சுமார் 1,700 ஜூல், நூறு மீட்டரில் 1,250க்கு அருகே. உதை கிட்டத்தட்ட இல்லை. சுட்டபின்னும் பன்றி பார்வையில் இருப்பதால், அடுத்ததற்குக் குறி மாற்றச் சில நொடி போதும். கூட்டமாக வரும் பன்றிகளுக்கு இது பெரிய வசதி. ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள பெண் பன்றி, நூறு மீட்டருக்குள், அசையாமல், பக்கவாட்டில் நின்றால், செம்புக் குண்டோடு .223 வேலையை முடித்துவிடும். ஆனால் இந்த வாக்கியத்தில் எத்தனை நிபந்தனை இருக்கிறது என்று பாருங்கள். எதிரே நிற்பது நூறு கிலோ ஆண் பன்றி, கோணமும் சரியில்லை என்றால், விசையைத் தொடாமல் விடும் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் உள்ளவருக்கு .223 போதும், புதியவருக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்துக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவில் இந்த வழக்கைச் சட்டமே தீர்த்துவைக்கிறது. ஜெர்மனியின் வேட்டைச் சட்டப்படி காட்டுப்பன்றிக்குக் குண்டு குறைந்தது 6.5 மில்லிமீட்டர், நூறு மீட்டர் தொலைவில் குறைந்தது 2,000 ஜூல். .223 இரண்டிலும் தோற்கும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் காடுகளில் 1895 முதல் புழங்கிவரும் .30-30யின் வழக்கமான தோட்டாவும் நூறு மீட்டரில் 2,000 ஜூலைத் தொடாது. முட்புதர்க் காட்டில் ஐம்பது மீட்டருக்குள் பன்றி சாய்க்க அதைவிடத் தோதான ரைஃபிள் குறைவு என்று அனுபவஸ்தர்கள் சொல்வது பொய்யல்ல. சட்டத்துக்கு எண் ஒன்று வேண்டும். அதனால் எண்ணுக்குள் அடங்காத சில நல்லவை வெளியே நிற்கின்றன. ஆனாலும் ஜெர்மனியின் ஏற்பாட்டில் ஒரு நிதானம் இருக்கிறது. அங்கே 2017-18 பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் சுடப்பட்டன. காட்டைக் கலைத்து ஓட்டி, குறுக்கே பாயும் பன்றியைச் சுடுவது அவர்கள் முறை. அதற்கென ஓடும் பன்றிப் படத்தைச் சுட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள். ஓடும் இலக்கைச் சுடுவது 1972 முதல் 2004 வரை ஒலிம்பிக்கிலேயே ஒரு போட்டியாக இருந்தது. அவர்கள் விரும்பும் தோட்டாக்களில் ஒன்று 9.3×62. பெர்லின் துப்பாக்கித் தொழிலாளி ஒட்டோ போக் 1905இல், ஆப்பிரிக்கா போகும் குடியேறிகளுக்காகச் செய்தது. யானைக்கும் எருமைக்கும் பிறந்த தோட்டா, இன்று பன்றிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறது. ஓடும் விலங்கில் குறி கொஞ்சம் பிசகினாலும் கனத்த குண்டு எலும்பை முறித்துக்கொண்டு போகும் என்பதே காரணம்.

இந்தியாவில் கேள்வியே வேறு. இங்கே வேட்டை இல்லை. பயிரைக் காக்க அரசு அனுமதிக்கும் சுடுதல் மட்டும் உண்டு. கேரளத்தில் 2022 மே முதல் உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி வழங்கலாம். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடவேண்டும். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், விவசாயி சுட முடியாது. .308ஆ, .30-06ஆ என்று நம்மூர் உரிமதாரர் கடை கடையாக ஏறி இறங்குவதில்லை. பெரும்பாலும் கைவசம் இருப்பது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், அபூர்வமாக .315 ரைஃபிள். இரட்டைக்குழலில் போடும் எல்.ஜி. ரவை முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் பரந்துவிடும். அதற்குமேல் சுடுவது பன்றியைக் காயப்படுத்தி அனுப்புவதுதான். துப்பாக்கியும் அனுமதியும் எட்டாத இடங்களில், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதைக் கடித்து வாய் சிதைந்த யானைகளைக் கோவை மாவட்டக் காட்டோரங்களில் பார்த்திருக்கிறோம். ஏறக்குறையச் சரியான துப்பாக்கிகூட அதைவிட ஆயிரம் மடங்கு கருணையானது.

டெக்சஸுக்குத் திரும்புவோம். விட்டத்தைவிட முக்கியமான ஒன்று தோட்டாப் பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் இருக்கிறது, குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது. சாதாரண வேட்டைக் குண்டு என்பது செம்பு உறைக்குள் ஈயம், முனை மட்டும் திறந்தது. சதையில் பட்டதும் முனை பின்னோக்கி மடிந்து காளான் குடைபோல விரியும், துளை பெரிதாகும். விரிவது அதிகமானால் ஆழம் குறையும். வேகமான தோட்டாவில், கிட்டத்தில், தடித்த எலும்பில் பட்டால் உறை கழன்று ஈயம் துண்டு துண்டாகப் போய்விடும். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1940களில் சேறு அப்பிய ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டு, குண்டு உள்ளே போகாத எரிச்சலில் யோசித்ததுதான் நடுவே தடுப்புச் சுவர் வைத்த ‘பார்ட்டிஷன்’ குண்டு: முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே ஊடுருவும். 1980களின் இறுதியில் பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்தது. நான்கு இதழாக விரியும், எடை ஏறக்குறைய குறையாமல் மறுபக்கம் போய்விடும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கழித்துப்போட்ட குடலிலிருக்கும் ஈயத்துணுக்கைத் தின்று கொண்டோர் கழுகுகள் செத்ததே அதற்குக் காரணம். அங்கே கட்டாயத்தால் செம்புக்கு மாறிய பன்றி வேட்டைக்காரர்கள், மாறிய பிறகு பெரிதாகக் குறைசொல்லவில்லை. சேற்றுக் கவசமும் கேடயமும் உள்ள விலங்குக்கு அது பொருத்தமான குண்டுதான். சிதறும் குண்டு போட்ட .308ஐவிட நல்ல செம்புக் குண்டு போட்ட .243 பன்றிக்கு மேல்.

எந்த ரைஃபிள் என்பதை இடம் சொல்லும். ஓடைக்கரைப் புதரில் நடந்து தேடுவதானால் நெம்புகோல் (லீவர்) ரைஃபிள்: குட்டையானது, தோளுக்குச் சட்டென்று ஏறும், .30-30 அல்லது .45-70. பின்னது பன்றிக்குத் தேவைக்கு மேல். உதையைத் தோள் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் வைத்திருப்பவரிடம் அதைக் குறைசொல்லிப் பயனில்லை. மக்காச்சோளம் இறைத்துவிட்டு மேடையில் காத்திருப்பவருக்குத் தாழ்ப்பாள் (போல்ட்) ரைஃபிள் போதும், 6.5 கிரீட்மூரோ .308ஓ. வயலில் முப்பது பன்றி மேய்கிறது, ஒவ்வொன்றும் போகவேண்டும் என்பவருக்குத் தானியங்கியாக அடுத்த தோட்டா ஏறும் ஏ.ஆர். வகைதான். ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும் என்று கேட்டால் என் விடை மூன்றரைக் கிலோ எடையுள்ள .308 தாழ்ப்பாள் ரைஃபிள், பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைந்த செம்புக் குண்டு. அதன் உதை .223ஐவிட நான்கைந்து மடங்கு. இருந்தும் சராசரி ஆள் ஒரு பெட்டித் தோட்டாவில் பழகிவிடுவார். தோட்டா எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பதும் சின்ன விஷயமல்ல.

இரவு வேட்டைக்கு வெப்பம் காட்டும் தெர்மல் ஸ்கோப் வந்த பிறகு, செலவின் பெரும்பகுதி துப்பாக்கியிலிருந்து கண்ணாடிக்கு இடம் மாறிவிட்டது. திரையில் பன்றி வெள்ளையாக ஒளிரும். அதன் பின்னால் இருக்கும் வீடும் சாலையும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. முழுச் செம்புக் குண்டு பன்றியை ஊடுருவி அப்பாலும் போகும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடக்கூடாது. அதிகம் பேசப்படாத இன்னொன்று உயர வித்தியாசம். ஏ.ஆர். ரைஃபிளில் ஸ்கோப் குழலுக்கு ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. நூறு மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி, பத்து மீட்டரில் குறிமுள்ளுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே அடிக்கும். காதடியில் மூளைக்குக் குறிவைத்தவரின் குண்டு தாடையை உடைக்கும். மூளை சிறியது, தலை ஒரு நொடி சும்மா இருக்காது. தலைக்குச் சுடுவதைத் திறமையாகப் பேசுவதை நான் ஒப்பவில்லை.

இவ்வளவும் ஒரு பன்றியைக் கண்ணியமாகக் கொல்வதற்கு. பன்றிகளைக் குறைப்பதற்கு அல்ல. பெண் பன்றி ஒரு வயதுக்குள்ளேயே பருவமெய்திவிடும். நாலு முதல் ஆறு குட்டி, வசதி இருந்தால் ஆண்டுக்கு இரு ஈற்று. எண்ணிக்கை ஏறாமல் நிறுத்திவைக்கவே ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது டெக்சஸ் வல்லுநர்களின் கணக்கு. ரைஃபிள் ஒரு கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சாய்க்கும். மிச்சமுள்ளவை சிதறி, இரவுக்கு மாறி, அடுத்த நிலத்துக்குப் போகும். டென்னசி மாநிலம் 1999இல் மாநிலம் முழுக்கப் பன்றி வேட்டையைத் திறந்துவிட்டது. அதன் பிறகுதான் அங்கே பன்றி முன்பு இல்லாத மாவட்டங்களில் முளைத்தது. வேட்டைக்கு வேண்டுமென்று யாரோ வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். 2011இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். கான்சஸ் 2006லேயே பொழுதுபோக்குப் பன்றி வேட்டையைத் தடைசெய்தது. மிசௌரி 2016இல் தன் பாதுகாப்பு நிலங்களில் நிறுத்தியது. துப்பாக்கி விற்பவர்கள் இந்த மூன்று மாநிலங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

அந்த மாநிலங்கள் நம்பியது வட்டமாக அடித்த கம்பிவலைப் பட்டியை. சில வாரம் சோளம் போட்டுப் பழக்கி, தாயும் குட்டிகளும் கடைசிப் பன்றிவரை உள்ளே வந்த பிறகே கதவை விழவைப்பார்கள். கேமராவில் பார்த்துக் கைபேசியிலிருந்தே விசையைத் தட்டும் வசதியும் இப்போது உண்டு. பட்டிக்குள் பிடிபட்டவற்றைக் கொல்லும் ஆட்கள் பலர் .308ஐ வண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கையில் இருப்பது .22 ரிம்ஃபயர்: இரண்டரைக் கிராம் ஈயம், 200 ஜூலுக்கும் குறைவு, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு மீட்டர்.